ஜூலியர் இறக்கத்தில் பின்சக்கரங்கள்

அன்பு மகனுக்கு,

போன வியாழக்கிழமை நீ தொலைபேசியில் பேசியபோது நான் பாதியிலேயே அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன். உனக்கு அது ஒரு மாதிரி இருந்திருக்கும். நீ சந்தோஷமாகத்தான் கதைத்தாய். மின்வேலைப் பயிற்சி முடிந்து, மலை ரயில் பாதையில் வேலை கிடைத்து, மாதக் கடைசியில் எங்கடின் பள்ளத்தாக்குக்குப் போகிறாய். சொந்தமாக ஒரு கார் எடுத்திருக்கிறாய். நான் கேட்டது ஒரே கேள்விதான், டயர் எப்படி என்று. நீ சொன்னாய்: "முன்னுக்கு ரெண்டும் புது வின்டர் டயர் அப்பா. பின்னுக்கு இருக்கிறது இந்த வருசத்துக்குக் காணும். இழுக்கிறது முன்சில்லுதானே." அந்த வசனத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னவன் நான்தான். அது சொல் மாறாமல் உன் வாயிலிருந்து வந்தது. அதனால்தான் ரிசீவரை அம்மாவிடம் நீட்டினேன்.

இந்தக் கடிதத்தில் டயரைப் பற்றியும் எழுதுவேன், வேறொன்றைப் பற்றியும் எழுதுவேன். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா எழுதத்தான் வேண்டும் என்றார். ஏன் என்பது பின்னால் வரும்.

உனக்குத் தாஸ் மாமாவை நினைவிருக்கும். மன்னாரிலிருந்து வந்தவர், மரியதாஸ் அண்ணை. நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தோம். எனக்கு முதல் பத்து ஜெர்மன் சொற்களைச் சொல்லித்தந்தவர் அவர். நீயும் அம்மாவும் வந்து இறங்கிய அன்று சூரிச் விமான நிலையத்துக்கு என்னோடு வந்து, உனக்கென்று ஒரு நீலக் குளிர்ச்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அது தோன்றவேயில்லை. பிறகு நான் எங்கடினில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மா அதே ஹோட்டலில் சலவைப் பகுதியில் விரிப்புகள் இஸ்திரி போட்டார். மரியதாஸ் அண்ணை அடுத்த கிராமத்தில் ஒரு கராஜில் உதவியாளாக இருந்தார். அந்த முதலாளி அவருடைய கைவேகத்தைப் பார்த்து, அடுத்த வசந்தத்தில் முறையாகத் தொழில் பழக எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களில் அப்படி ஒரு வாய்ப்பு யாருக்கும் வந்ததாக நான் அறியவில்லை.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு கோடையில் நான் இங்கே ஓட்டுநர் அனுமதி எடுத்தேன். இலையுதிர்காலத்தில் அந்தப் பழைய சிவப்புக் காரை வாங்கினேன். ஊரில் ஆறு வருடம் லொறி ஓட்டியவன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. மழையிலும் சேற்றிலும் பாரம் ஏற்றிக்கொண்டு போனவனுக்குப் பனி என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். மார்கழியின் முதல் கிழமையே பனி கொட்டத் தொடங்கியது. மரியதாஸ் அண்ணை நல்ல நிலையில் இரண்டு வின்டர் டயர் தேடி எடுத்து முன்பக்கம் பூட்டிவிட்டார். மற்ற இரண்டும் அடுத்த கிழமை வரும் என்றார். அதுவரைக்கும் காரை எடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். கராஜின் பின்பக்கத்தில் நின்று சொன்னார். நான் அதை நேற்றுக் கேட்டதுபோல எழுதுகிறேன், ஏனென்றால் ஒரு சொல்லும் எனக்கு மறக்கவில்லை.

"தம்பி, நாலும் ஒண்டாய் இருக்கவேணும். முன்னுக்குப் பிடிச்சு, பின்னுக்குப் பிடிக்காட்டி வளைவில வால் சுத்தும். அடுத்த கிழமை மட்டும் பொறும்."

நான் சிரித்தேன். இழுப்பது முன்சில்லுதானே என்றேன். அவர் குந்தியிருந்து பின் டயரில் என் விரலைப் பிடித்து வைத்து அழுத்தினார். கோடைகால டயர், குளிரில் மரக்கட்டைபோல இறுகியிருந்தது. பிறகு முன் டயரில் அதே விரலை வைத்து அழுத்தினார். அது அந்தக் குளிரிலும் கொஞ்சம் இளகி உள்ளே போனது. அதன் மேற்பரப்பின் ரப்பர்க் கட்டைகளில் கத்தியால் கீறியதுபோல மெல்லிய கீற்றுகள் நிறைய இருந்தன. அந்தக் கீற்றுகள்தான் விரிந்து பனியைக் கவ்வுகின்றன, ரப்பர் இறுகிவிட்டால் கவ்வாது என்றார். நீயும் இன்றைக்கே போய் உன் பின் டயரில் விரலை வைத்துப் பார். கீற்றுகள் ஆழமாகத் தெரிந்தாலும் நம்பாதே. பல வருடம் கிடந்த டயர் பார்வைக்கு நன்றாக இருக்கும், ரப்பர் செத்துப்போயிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூர் நகரத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் மகளுக்குப் பிறந்தநாள். ரயில் இருந்தது. வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடக்க ஐந்து நிமிடம். அம்மா ரயிலில் போவோம் என்று இரண்டு தரம் சொன்னார். நான் கேட்கவில்லை. அங்கே வருகிறவர்களில் யாரிடமும் கார் இல்லை என்பது எனக்குத் தெரியும். வாசலில் காரைக் கொண்டுபோய் நிறுத்தி இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். காரணம் அவ்வளவுதான். மகனே, இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் இத்தனை வருடம் எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

காலையில் வெயில் அடித்தது. ஜூலியர் கணவாயில் ஏறும்போது கார் ஒரு தரமும் வழுக்கவில்லை. முன் டயர்கள் நன்றாக இழுத்தன. ஏறும்போது எல்லாம் சரியாக இருப்பதால்தான் ஏமாந்துபோகிறோம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. நீ பின் இருக்கையில் இருந்து பனிச்சுவரின் உயரத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாய். கணவாயைத் தாண்டி மற்றப் பக்கம் இறங்கும்போது மூன்றாவதோ நான்காவதோ வளைவில், கீழேயிருந்து தபால் துறையின் மஞ்சள் போஸ்ட் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. நான் காலை எடுத்துப் பிரேக்கை மிதித்தேன். பலமாகக்கூட மிதிக்கவில்லை. முன்பக்கம் பிடித்து நின்றது, பின்பக்கம் நிற்கவில்லை. சத்தமே இல்லாமல் வால் சுற்றி வந்தது. நான் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினேன் என்று இன்றைக்கும் தெரியாது. கார் முழுவதும் திரும்பி, அம்மா இருந்த பக்கம் தெருவோரக் கல்லில் போய் மோதியது. பஸ் எங்களுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அந்தக் கல்லுக்கு அப்பால் பள்ளம்.

உனக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ அழவும் இல்லை. அம்மா வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, "பிள்ளைக்கு என்ன, பிள்ளையைப் பாருங்கோ" என்று மட்டும் சொன்னார். மணிக்கட்டு முறிந்திருந்தது.

பஸ் ஓட்டுநர் இறங்கி வந்தார். வயதான மனிதர். அம்மாவைத் தன் பஸ்ஸில் ஏற்றிச் சூடான இடத்தில் இருத்திவிட்டு வந்து, காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். முன் டயரைப் பார்த்தார், பின் டயரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். யார் இப்படிப் பூட்டியது என்று கேட்டார். அப்போது எனக்கு அந்த மொழியில் சொற்கள் குறைவு. ஆனால் அதற்குப் போதுமான சொற்கள் இருந்தன. கராஜில் வேலை செய்யும் ஒரு நண்பர் பூட்டினார், போகலாம் என்று அவர்தான் சொன்னார் என்றேன்.

அது வாயிலிருந்து வந்தபோது ஒரு பெரிய பொய்யாகத் தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் பார்வையிலிருந்து தப்புவதற்குச் சொன்ன சின்ன வார்த்தை. ஆனால் சிறிது நேரத்தில் பொலிஸ் வந்தது. அதே கேள்வி, அதே பதில். ஆஸ்பத்திரியில் கையில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்த அம்மா கேட்டார், அவருக்கும் அதையே சொன்னேன். நீ பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். திங்கட்கிழமை ஹோட்டல் மேலாளர் விசாரித்தார். மேலாளரும் கராஜ் முதலாளியும் ஒன்றாகச் சீட்டு விளையாடுகிறவர்கள். புதன்கிழமைக்குள் மரியதாஸ் அண்ணையின் கையிலிருந்து சில்லுப் பூட்டும் வேலையை எடுத்து, கார் கழுவ விட்டுவிட்டார்கள். தான் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் முதலாளியிடம் சொன்னாராம். ஆனால் பொலிஸ் எழுதிய காகிதத்தில் என் வார்த்தை இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு பையில் தோடம்பழம் கொண்டுவந்திருந்தார். கதவைத் திறந்தது நீ. அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. நான் உனக்குப் பின்னால் நடையில் நின்றேன். நீ அவரை உள்ளே வரச் சொல்லவில்லை. "உங்களாலதான் அம்மாவுக்குக் கை முறிஞ்சது" என்றாய். அவர் உன் தலைக்கு மேலால் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. காத்துக்கொண்டு நின்றார். நான் ஒரு வசனம் சொன்னால் எல்லாம் முடிந்திருக்கும். "உள்ள போ" என்று உன்னிடம் சொன்னேன். அது மட்டும்தான் சொன்னேன். அவர் பையை வாசலில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

வசந்தத்தில் அவரைத் தொழில் பழக எடுக்கவில்லை. அவர் லோசான் நகரத்துக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அம்மாவின் மணிக்கட்டு முழுதாகத் திரும்பாமலே போனது. பெரிய விரிப்புகளை இஸ்திரி போட அவரால் முடியவில்லை. அதனால்தான் நாங்கள் ஆரா நகரத்துக்கு வந்தோம். நீ புதுப் பள்ளிக்கூடம் போனாய். பிறகு எங்கள் வீட்டில் தாஸ் மாமாவின் பெயரை யாரும் எடுக்கவில்லை. நான் எடுக்காததற்குக் காரணம் வேறு. நீயும் அம்மாவும் எடுக்காததற்குக் காரணம் என் பொய்.

வியாழக்கிழமை உன்னோடு பேசிய பிறகு எனக்கு நித்திரை சரியாக இல்லை. வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டு மேசையில் வைத்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. கோப்பையை இடது கையால் எடுத்துக் குடித்து முடித்தார். அதைக் கழுவி வைத்தார். வந்து இருந்து, "கை முறிஞ்சதுக்கு நான் உங்களை ஒண்டும் சொல்லமாட்டன். ஆனா எட்டு வருசமா அந்த மனுசனைப் பற்றி நான் ஒரு நல்ல வார்த்தை நினைக்கேல்லை. என்னை அப்பிடி ஆக்கிப்போட்டியள்" என்றார். பிறகு அவரே சொன்னார், முதலில் லோசானுக்குப் போகவேண்டும், போய்வந்து உனக்கு எழுதவேண்டும் என்று. தொலைபேசியில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேனாம். என்னை அவர் சரியாக அறிந்துவைத்திருக்கிறார்.

ஆராவில் நாங்கள் மரக்கறி வாங்கும் தமிழ்க் கடைக்காரர், அவருடைய உறவினர் ஒருவர் மூலம் விலாசம் எடுத்துத் தந்தார். சனிக்கிழமை காலை ரயிலில் போனேன். மரியதாஸ் அண்ணை லோசானில் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கட்டில்களைத் தள்ளும் வேலை செய்கிறார். மேட்டில் ஒரு தொடர்மாடியில் வீடு. கதவைத் திறந்தவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். மீசை நரைத்திருந்தது. உள்ளே வரச் சொன்னார். அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். அவருக்கும் நான் யார் என்று தெரிந்திருக்க வேண்டும், என்னோடு ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. நான் பஸ் ஓட்டுநரிடம் சொன்னதிலிருந்து வாசலில் நின்றது வரைக்கும் ஒழுங்காகச் சொன்னேன். முடிந்ததும் அவர் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"நான் அண்டைக்கு உமக்கு வடிவாச் சொல்லேல்லையோ எண்டு இவ்வளவு காலமும் யோசிச்சுக்கொண்டிருந்தனான்," என்றார். "சொன்னனான் எண்டு தெரியும். ஆனா நீர் இவ்வளவு உறுதியாச் சொல்லேக்க, நான்தான் வாய்க்குள்ள சொன்னனோ, நீர் வேற மாதிரி விளங்கினீரோ எண்டு. இப்பவும் ஆரும் கார் வாங்கினா மூண்டு தரம் சொல்லுவன். மனுசி பேசுவா."

மகனே, அவர் அந்தத் தொழில் வாய்ப்பை இழந்தது எனக்குத் தெரியும். அதை எட்டு வருடம் சுமந்தேன். ஆனால் அவர் தன்னையே சந்தேகித்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அம்மாவின் கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். எந்த விரல்கள் மடங்கும், பாரம் தூக்க முடியுமா என்றெல்லாம், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர் கேட்பதுபோலக் கேட்டார். அந்தக் கராஜ் முதலாளிக்கு உண்மையை எழுதட்டுமா என்று நான் கேட்டேன். அவர், "எழுதும். அவர் இப்ப வேலையை விட்டிட்டார். எண்டாலும் அவருக்குத் தெரியவேணும்" என்றார். அவருடைய மேசையிலேயே இருந்து எழுதினேன். பிழையான ஜெர்மனில் ஒன்றரைப் பக்கம். அவர் வாசித்து இரண்டு சொற்களைத் திருத்தினார். அன்றே தபாலில் போட்டேன்.

அம்மா அவரை வீட்டுக்கு வரச் சொன்னார் என்று நான் சொன்னதற்கு, இப்போது வரமாட்டேன் என்றார். கோபத்தில் இல்லை, கொஞ்சக் காலம் போகட்டும் என்றார். அது நியாயம். நீயும் அவரை அவசரப்படுத்தாதே. உன்னைப் பற்றிக் கேட்டார். நீ எங்கடினுக்கு வேலைக்குப் போகிறாய் என்றதும் முகம் கொஞ்சம் மாறியது. "பொடியன் அண்டைக்குச் சொன்னது அவன்ர கதையில்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும். அதை அவனிட்டச் சொல்லும்" என்றார். சொல்லிவிட்டேன். நீ அந்த வாசலை மறந்திருந்தால் நல்லது. மறக்காமல் இருந்தால், அதில் உன் பங்கு ஒன்றுமில்லை. வார்த்தை உன்னுடையதாக இருக்கலாம், பொய் என்னுடையது.

இனி டயருக்கு வருகிறேன். நான் இப்போது எழுதுவதில் பாதி அவர் படியிறங்கும்போது எனக்குச் சொன்னது. நான்கும் ஒரே வகையாக, ஒரே அளவு தேய்மானமாக இருக்கவேண்டும். எப்போதாவது இரண்டு நல்லதும் இரண்டு சுமாரானதும்தான் இருக்கிறதென்றால் நல்லது பின்னுக்குப் போகவேண்டும். முன்பக்கம் வழுக்கினால் கையில் தெரியும், காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பப் பிடிக்கும். பின்பக்கம் வழுக்குவது தெரியும்போது நேரம் முடிந்திருக்கும். கடுங்குளிரில் டயருக்குள் காற்றும் சுருங்கும், ஆகையால் இரண்டு கிழமைக்கு ஒரு தரம், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் காற்றைப் பார். பிடிப்புக் கூடும் என்று சிலர் காற்றை இறக்கச் சொல்லுவார்கள், கேட்காதே. பனியில் புறப்படும்போது இரண்டாம் கியரில் மெதுவாக எடு. இறக்கத்தில் வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்து வேகத்தைக் கொன்றுவிடு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாதே. சில்லு சுழன்றுகொண்டு ஏறாமல் நின்றால் இன்னும் மிதிக்காதே, மிதித்தால் அடியில் இருக்கும் பனி ஐஸாகிவிடும். இறங்கி மண்வெட்டியால் பனியை வாரிவிட்டு, கால்மிதிப் பாயை இழுக்கும் சில்லுக்குக் கீழே கொடு. பனியில் சில்லுக்குப் பூட்டும் சங்கிலியை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தால் போதாது. மலை ஏறுவதற்கு முன்பே காய்ந்த தரையில், வெளிச்சத்தில், இரண்டு தரம் பூட்டிக் கழற்றிப் பழகு. மேலே காற்றில் விரல் மரத்தபின் எந்தக் கொக்கி எங்கே போகும் என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. கணவாயின் அடியில் சங்கிலி கட்டாயம் என்று பலகை வைத்திருந்தால் அதை உனக்குத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினை. ஒரு கம்பளியும் தண்ணீரும் எப்போதும் பின் இருக்கையில் கிடக்கட்டும். முன்னால் போகிறவனுக்கும் உனக்கும் நடுவில் நீ நினைப்பதைவிட மூன்று மடங்கு இடம் விடு. யாரும் உன்னைப் பார்த்துக் கைதட்டப்போவதில்லை. ரயில் ஓடுகிற நாளில் ரயிலில் போ, அதுவும் நீயே மின்சாரம் கொடுக்கப்போகிற ரயில்.

தெரியாதவர் யாராவது உன்னிடம் ஒரு நாள், இது யார் பூட்டியது, யார் செய்தது என்று கேட்கலாம். தொழிலில் அடிக்கடி கேட்பார்கள். அந்த நேரத்தில் வாய் தானாக அடுத்தவனின் பெயரைத் தேடும். அதற்கு நான் சாட்சி. உன் பெயரைச் சொல்லிப் பழகு. உடனே சொன்னால் அன்றோடு முடிந்துவிடும்.

மரியதாஸ் அண்ணையின் விலாசமும் தொலைபேசி எண்ணும் தனித் தாளில் வைத்திருக்கிறேன். அவரோடு கதைப்பதா, என்ன கதைப்பது என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன். அந்த உரிமையை நான் எப்போதோ இழந்துவிட்டேன். இதை வாசித்த பிறகு கொஞ்ச நாள் நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் எனக்கு விளங்கும். அம்மாவோடு மட்டும் பேசிக்கொண்டிரு. என்மேல் இருக்கிற கோபத்தில், நான் சொன்னேன் என்பதற்காகவே ஒன்றைச் செய்யாமல் விட உனக்குத் தோன்றலாம், உன் வயதில் எனக்கும் அப்படித்தான். கோபத்தோடேயே போ, பரவாயில்லை. பின்னுக்கும் இரண்டு நல்ல டயரைப் பூட்டிவிட்டுப் போ.

உன் அப்பா